டி. ஆர். ராஜகுமாரி: நடிப்பிலிருந்து உடைமைக்கு

தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கக் கால நடிகையருட் பலர் நாடக மேடையிலிருந்தோ, கோயிலையும் அரசவையையும் சார்ந்து ஆடலும் பாடலும் பயின்றுவந்த இசைவேளாளர் குடும்பங்களிலிருந்தோ திரைக்கு வந்தவர்கள்; 1922இல் தஞ்சாவூரில் ராஜாயி என்ற இயற்பெயரோடு பிறந்த டி. ஆர். ராஜகுமாரி இரண்டாம் மரபினர். அவருடைய பாட்டி குஜலாம்பாள் கர்நாடக இசைப் பாடகி. பின்னணிக் குரல் பரவலாகாத, நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்த 1940களில் இந்தக் குடும்பப் பயிற்சியே முதன்மையான தகுதியாக அமைந்தது.

கே. சுப்பிரமணியம் இயக்கிய 'கச்ச தேவயானி' (1941) அவரை நட்சத்திரமாக்கியது. தொடர்ந்து 'மனோன்மணி', 'சிவகவி' ஆகியவை வந்தன. உலகப்போரால் படச்சுருள் அருகி, ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படக் கூடாதென்று அரசு வரம்பிட்டிருந்த நாளில், தியாகராஜ பாகவதருடன் அவர் தாசி ரம்பாவாக நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகிச் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பக்திப் படமொன்றில், நாயகனை மயக்கி வழிதவறச் செய்யும் பாத்திரம் இவ்வளவு விரும்பப்பட்டது அக்கால ரசனையைப் பற்றி ஆய்வுரைகள் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்கிறது.

எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948) அவர் புகழின் உச்சம். அதன் இறுதிப் பகுதியில் வரும் மாபெரும் முரசு நடனத்தை அரங்கமைப்பின் பிரம்மாண்டத்துக்காகவே பலரும் பேசுவர். ஆனால், தன்னை மணக்க வற்புறுத்தும் இளவரசன் சசாங்கனிடம் நாயகி வேண்டிப்பெற்ற நடனம் அது என்பதும், முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளிப்பட்டு அவன் கோட்டையைத் தாக்கும் சூழ்ச்சியில் அவளும் உடந்தை என்பதும் கவனத்துக்குரியவை. கடத்தப்பட்டு மீட்கப்படுவதற்காகவே நாயகிகள் படைக்கப்பட்ட சூழலில், கதையின் திருப்பத்தில் பங்குகொண்ட பாத்திரம் அவருடையது.

வயது ஏறிய நாயகியருக்குத் தாய் வேடமே எஞ்சும் என்பது திரையுலக வழக்கம். அவரோ 'மனோகரா'வில் (1954) வசந்தசேனை என்னும் வஞ்சகியாக வந்து, கண்ணாம்பா, சிவாஜி கணேசன் ஆகியோரின் உரத்த வசனங்களுக்கிடையே தமக்கான இடத்தைத் தக்கவைத்தார்.

எனினும், அவரை வெறும் கனவுக்கன்னியாக, அதாவது ரசிகர் ஏங்கும் அழகியாக மட்டுமே நினைவுகூர்வது குறையுடையது. ஒலிப்பதிவுக் கலைஞராயிருந்து இயக்குநரான தம்பி டி. ஆர். ராமண்ணாவுடன் சேர்ந்து ஆர். ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தை நடத்தினார். எம். ஜி. ஆரும் சிவாஜியும் இணைந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' (1954) அந்நிறுவனத்தின் தயாரிப்பு. அது பொருளீட்டத் தவறியபின், அடுத்த ஆண்டில் வந்த 'குலேபகாவலி' வெற்றி பெற்றது. தியாகராய நகர் பாண்டிபஜாரில் தம் பெயரிலேயே ஒரு திரையரங்கையும் அவர் எழுப்பினார். ஊதியம் பெறும் கலைஞராகத் தொடங்கிய ஒரு பெண், படத்தயாரிப்புக்கும் திரையிடும் கூடத்துக்கும் உரிமையாளரானது அந்நாளில் மிக அரிது; நடிப்பைவிட இதுவே அவருடைய பெரிய சாதனை எனலாம்.

'வானம்பாடி'யோடு (1963) நடிப்பை நிறுத்திக்கொண்டார். 'பணம் படைத்தவன்' (1965), 'பறக்கும் பாவை' (1966) ஆகிய ஆர். ஆர். பிக்சர்ஸ் படங்கள் அதன் பின்னரும் வெளிவந்தன. திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த அவர் 1999 செப்டம்பரில் காலமானார்.