இருவகைச் சங்கிலி

சிம்மக்கல்லிலிருந்து வடக்கே நாலு எட்டு வைத்தால் வைகைக்கரை. கரையில் ஒதுங்கும் குப்பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. பூ தொடுத்த வாழைநார் மக்கி மண்ணாகிறது. பருத்திக் கந்தலும் நாளடைவில் இற்றுப்போகிறது. பாலிதீன் பை மட்டும் ஏன் அப்படியே கிடக்கிறது? 1929-இல் அமெரிக்க ரசாயன விஞ்ஞானி வாலஸ் கரோத்தர்ஸ் வகுத்த ஒரு பாகுபாட்டிலே இதற்கு விடை இருக்கிறது.

வாழைநார், பட்டு, நைலான், பாலிதீன் எல்லாமே சின்னஞ்சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலிகள்தாம். பாடப்புத்தகத்தில் இவற்றைப் பலபடி என்பார்கள். வித்தியாசம் கோக்கிற விதத்தில் இருக்கிறது.

பாலிதீனுக்குத் தாய்ச்சரக்கு எத்திலீன் வாயு. அதிலே இரண்டு கார்பன் அணுக்கள் இரு கைகளாலும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஆளுக்கொரு கையை விட்டுப் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொண்டால் சங்கிலி வளர்கிறது. எதுவும் உதிர்வதில்லை. இது சேர்ப்புப் பலபடி. நைலானிலோ, சம்பந்தம் செய்துகொள்ளும் இரு வீட்டாரைப் போல, சேர்கிற இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். ஒருவர் விட்டதும் மற்றவர் விட்டதும் கூடித் தண்ணீராக வெளியேறுகிறது. இது குறுக்கப் பலபடி.

பாலிதீன் பிறந்தது தற்செயலாக. 1933-இல் இங்கிலாந்தில் ஃபாசெட், கிப்ஸன் என்ற இருவர் எத்திலீனை மிகுந்த அழுத்தத்தில் வைத்தபோது பாத்திரத்தில் வெள்ளை மெழுகு போல ஒன்று மிஞ்சியது. யுத்த காலத்தில் அது ராடார் கம்பிகளுக்கு உறையாயிற்று. பை ஆனதெல்லாம் பின்னால். 1935-இல் நைலானை உருவாக்கிய கரோத்தர்ஸ், அது கடைக்கு வருமுன்பே 1937-இல் மாண்டுபோனார். நம் பெண்கள் ஒரு காலத்தில் ஆசைப்பட்ட நைலக்ஸ் புடவையும், ஆண்கள் பெருமையாக அணிந்த டெரிலின் சட்டையும் குறுக்கப் பலபடி வகையே.

தண்ணீரை விட்டுச் சேர்ந்த கணுவைத் தண்ணீரைக் கொடுத்தே பிரிக்கலாம். பருத்தியிலும் பட்டிலும் மண்ணின் நுண்ணுயிர்கள் செய்வது அதுதான். நைலானும் டெரிலினும் எளிதில் மக்கா. ஆனாலும் ஆலையிலே கணுவை அவிழ்த்து மூலச்சரக்கை மீட்க வழி உண்டு. பாலிதீனில் அப்படிப்பட்ட கணுவே கிடையாது.

இந்தப் பிடிவாதத்தை உபயோகமாக்கினார் மதுரைக்காரர் ஒருவர். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சுமார் 170 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினார். அவை உருகிக் கல்லின்மேல் படலமாகப் படிந்தன. அதன்மேல் தார் உறுதியாகப் பிடித்தது; தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. பி.வி.சி.யை மட்டும் ஒதுக்க வேண்டும். சூட்டில் அது நச்சுப்புகை கக்கும். இந்தப் பணிக்காக 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நல்ல யோசனைதான். ஆனால் சாலைக்குள் போன பிறகும் சங்கிலி சங்கிலியாகவே இருக்கிறது. 2019 ஜனவரி முதல் தேதியன்று தமிழக அரசு ஒருமுறை உபயோகித்து எறியும் பைகளைத் தடை செய்ததும், 2021-இல் மஞ்சப்பையை மீண்டும் கையில் எடுக்கச் சொன்னதும் இதனால்தான். அந்தப் பருத்திப் பையும் பலபடியே. ஆனால் அதன் கணுக்களை அவிழ்க்க நம் மண்ணுக்குத் தெரியும்.