கார் கடிகாரமும் ரேடியம் பெயின்ட்டும்: ஒரு பிரஷ் நுனியின் வரலாறு

1/
போன சீசன்ல, சாரல் விட்டு விட்டு அடிச்ச ஒரு சாயங்காலம். தென்காசியில் என் கிளினிக்குக்கு ஓர் அண்ணாச்சி வந்தார். வாயில் ஒரு புண், மூணு வாரமா ஆறலை. வெற்றிலை, புகையிலை கிடையாது. சர்க்கரையும் இல்லை.

"என்ன வேலை அண்ணாச்சி பார்க்கீங்க?"

"வாட்ச் ரிப்பேர் டாக்டர். இப்ப கைக்கடிகாரம் எவன் கொண்டு வாரான்? பழைய கார் கடிகாரம்தான் வருது."

2/
குற்றாலத்துக்குக் குளிக்க வந்த ஒருத்தர், தன் பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டு கடிகாரத்தைக் கழற்றி இவரிடம் கொடுத்திருக்கார். முள் ஓடலை, எண்களும் மங்கிப் போச்சு. அந்த எண்களுக்கு எப்படி பெயின்ட் வைப்பார்னு அண்ணாச்சி செய்தே காட்டினார். பிரஷ்ஷை எடுக்கிற மாதிரி கையைத் தூக்கி, உதட்டில் வைத்து ஓர் இழுப்பு. "அப்பத்தான் நுனி கூர்மையா நிக்கும்லா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஏன்னு சொல்றேன், பொறுமையா வாசிங்க.

3/
முதல்ல அந்தக் கடிகாரம். அதன் முகத்தில் 'வேலியா' என்று எழுதியிருந்ததாம். மிலன் நகரத்து போர்லெட்டி கம்பெனியின் பெயர் அது. இத்தாலிய மொழியில் 'விழித்திருத்தல்' என்று பொருள். ஃபெராரி, ஃபியட் எனப் பல இத்தாலிய கார்களின் ஸ்பீடோமீட்டரும் கடிகாரமும் இந்தப் பெயரில் வந்தவைதான்.

4/
அந்தக் காலத்து மின்சாரக் கார் கடிகாரங்கள் பலவற்றில் மோட்டார் கிடையாது. உள்ளே இருப்பது சாவி கொடுக்கிற ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் தளர்ந்ததும் இரண்டு கான்டாக்ட் முனைகள் தொடும். காயிலில் கரன்ட் பாயும். காந்தம் ஒரு தட்டு தட்டி ஸ்பிரிங்கை மறுபடி முறுக்கிவிடும். ஓரிரு நிமிஷத்துக்கு ஒரு தடவை 'டக்'. காரே தனக்குச் சாவி கொடுத்துக்கொள்ளும்.

5/
எமன் எங்கே? அந்தக் கான்டாக்டில். பேட்டரி வீக்கானால் காந்தத்துக்குத் தட்ட பலம் இருக்காது. முனைகள் ஒட்டியபடியே நிற்கும், கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் கருகும். நம்ம ஊர் ஈரக்காத்தில் முனைகள் பாசி பிடித்தாலும் கடிகாரம் நின்றுவிடும். முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பழைய எண்ணெயைக் கழுவினால் பாதிக் கடிகாரங்கள் உயிர் பெறும்னு அண்ணாச்சி சொன்னார். காயில் கருகியிருந்தா, உள்ளே குவார்ட்ஸ் இயந்திரம் வைத்து, வெளியே பழைய முகத்தையும் முள்ளையும் அப்படியே விட்டுவிடுவாராம்.

"முகம் ஒரிஜினலா இருக்கணும் டாக்டர். கஸ்டமர் அதுக்குத்தான் காசு தாரான்."

6/
நான் பயந்தது அந்த முகத்துக்குத்தான்.

1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடிச்சாங்க. சில வருஷத்தில் அதை ஜிங்க் சல்ஃபைடோடு கலந்து, இருட்டில் தானாக ஒளிரும் பெயின்ட் வந்தது. முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் இருக்கிற சிப்பாய்க்கு மணி தெரியணும், விமானிக்கு மீட்டர் தெரியணும். தேவை எகிறியது.

7/
அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம், ஆரஞ்ச் நகரம். 1917 முதல் அங்கே இளம்பெண்கள் டயல்களில் இந்த பெயின்ட்டால் எண்கள் எழுதினாங்க. பல பேருக்கு 20 வயசுகூட ஆகலை. பிரஷ் நுனி கூர்மையா நிக்க அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வழி: உதட்டில் வை, பெயின்ட்டில் தோய், எழுது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை.

நம்ம அண்ணாச்சி செய்து காட்டினாரே, அதே இழுப்பு.

8/
கால்சியம் இருக்கிற அதே தனிமக் குடும்பம்தான் ரேடியமும். உடம்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கால்சியம்னு நினைச்சு எலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அது வெளியிடும் ஆல்ஃபா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும், தோலைத் தாண்டாது. ஆனால் எலும்புக்குள்ளே உட்கார்ந்தால் 24 மணி நேரமும் பக்கத்து செல்களைச் சுட்டுக்கொண்டே இருக்கும்.

முதல்ல பல் ஆடும். பிடுங்கின இடம் ஆறாது. அப்புறம் தாடை எலும்பே உதிரும். ரத்தசோகை, எலும்புப் புற்று எல்லாம் பின்னாலேயே வரும்.

9/
மாலி மாஜியா என்ற பெண் 1922-ல் இறந்தார். காரணம் சிஃபிலிஸ் என்று எழுதினாங்க. பால்வினை நோய்ப் பழி. 1927-ல் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தபோது எலும்புகளில் கதிரியக்கம் இருந்தது. சிஃபிலிஸுக்கு ஒரு தடயமும் இல்லை.

இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் ஒரு டாக்டரா எனக்குத் தலை குனியும். அவளைக் கொன்றது பெயின்ட். அவள் மானத்தைக் கொன்றது எங்கள் கையெழுத்து.

10/
திருத்தினதும் எங்கள் ஆட்களில் சிலர்தான். 1924-ல் தியடோர் புளூம் என்ற பல் மருத்துவர் இதை 'ரேடியம் தாடை' என்று எழுதினார். 1925-ல் ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் காரணத்தை நிறுவினார். கிரேஸ் ஃபிரையரும் இன்னும் நாலு பெண்களும் வழக்குப் போட்டு, 1928-ல் ஆளுக்கு 10,000 டாலரும், வருஷம் 600 டாலரும், மருத்துவச் செலவும் சமரசமா பெற்றாங்க. வாங்கின பணத்தை அனுபவிக்க அவங்களில் பலருக்கு ஆயுசுதான் அதிகம் மிச்சமில்லை.

11/
இது ஏதோ அமெரிக்காக் கதைன்னு நினைக்காதீங்க. அந்த டயல் பெயின்ட்டில் மீசோதோரியமும் கலந்தாங்க. அது தோரியத்திலிருந்து வருவது. தோரியம் மோனசைட் மணலில் இருப்பது. அந்த மணல் உலகத்துக்குப் போன பெரிய வாசல்களில் ஒன்று நம்ம மணவாளக்குறிச்சி. கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடிச்சது. அப்போ அது திருவிதாங்கூர் சமஸ்தானம். நம்ம பக்கத்துச் செங்கோட்டையும்தான். இரண்டும் ஒரே நாளில், 1956 நவம்பர் 1-ல், இந்தப் பக்கம் சேர்ந்தன.

12/
சரி, அண்ணாச்சி கதைக்கு வருவோம். இன்றைக்கு அவர் வைக்கிற பெயின்ட்டில் ரேடியம் இல்லை. சைக்கிளில் ஒட்டுகிற 'ரேடியம் ஸ்டிக்கர்'லயும் ரேடியம் கிடையாது, பேர் மட்டும்தான் மிச்சம். கார் கடிகாரங்களில் பெரும்பாலும் பின்னால் பல்பு எரியும், அதனால் ஒளிரும் பெயின்ட் தேவைப்படுவதும் குறைவு.

ஆனா அவர் மேஜை போட்டோவைப் போனில் காட்டினார். வேலியா கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டாம் உலகப்போர் கால விமானக் கடிகாரம் ஒன்று திறந்து கிடந்தது. எண்கள் கடுகு நிறம். முள் பல வருஷம் நின்ற இடத்தில் டயலில் பழுப்புத் தழும்பு. அது ரேடியம் சுட்ட தழும்பு.

13/
"அது செத்துப்போச்சு டாக்டர், இருட்டில ஒளியே இல்லை"ன்னார். இங்கதான் எல்லாரும் ஏமாறுவது. செத்தது ஜிங்க் சல்ஃபைடு. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம். 80 வருஷம் கழித்தும் நூற்றுக்கு 96 பங்குக்கு மேல் அப்படியே இருக்கு. அதைத்தான் கத்தியால் சுரண்டி, வாயால் ஊதி, அதே மேஜையில் இருக்கிற பிரஷ்ஷை உதட்டில் வைக்கிறார்.

14/
பழைய கடிகாரம் வைத்திருக்கிறவங்க பயந்து நடுங்க வேண்டாம். கண்ணாடி மூடி முழுசா இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. செய்யக் கூடாதது இவ்வளவுதான்:

- சந்தேகமான டயலைத் திறக்காதீங்க, சுரண்டாதீங்க, ஊதாதீங்க.
- பிள்ளைகள் கையில் கொடுக்காதீங்க.
- உடைச்சுக் குப்பையில் போடவோ எரிக்கவோ கூடாது.
- எந்தப் பிரஷ்ஷும், எந்த பெயின்ட்டும் வாய்க்குப் போகக் கூடாது.

இயந்திரத்தை மாற்றத் துணிகிற நாம், இப்படிப்பட்ட முகத்தையும் மாற்றத் துணியலாம். ஒரிஜினல் என்பதற்காக நுரையீரலைப் பணயம் வைக்க வேண்டாம்.

15/
அண்ணாச்சி புண்ணுக்குக் காரணம் ரேடியம் இல்லை. உடைஞ்ச கடைவாய்ப்பல் உரசியிருக்கு. பல் டாக்டர் தேய்த்துவிட்டார், பத்து நாளில் ஆறிடுச்சு. விமானக் கடிகாரத்தை மூடிப் பையில் கட்டி ஒதுக்கி வெச்சிட்டார். பிரஷ் நுனிக்கு இப்போ ஈர ஸ்பாஞ்ச். வேலியா மறுபடி 'டக்'னு தட்டுதாம்.

16/
நோயாளியிடம் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்கணும்னு டாக்டர்களுக்கு எழுதி வைத்தவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. தொழில் நோய்கள் பற்றிய அவர் புத்தகம் 1700-ல் வெளிவந்த ஊர் இத்தாலியின் மொடெனா. பின்னாளில் என்ஸோ ஃபெராரி பிறந்ததும் அதே ஊர்தான்.

உங்கள் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்தால், நீங்களே சொல்லிடுங்க. வெல்டிங், பெயின்ட், பீடி, பேட்டரி, எதுவானாலும். வாயில் புண் மூணு வாரம் தாண்டினால் காட்டாமல் இருக்காதீங்க.


பொதுநல மருத்துவர், தென்காசி