ஹாஸ்டல்ல விட்டா சரியாயிடுவானா?

போன ஞாயித்துக்கிழமை எதிர்வீட்டு அக்கா கேட்டாங்க: "தம்பி, இவனை எங்கயாவது கண்டிப்பான ஹாஸ்டல்ல விட்டா சரியாயிடுவானா?"

பையனுக்கு 11 வயசு. கோவம் வந்தா கையில கெடச்சதை எறிவான். அப்புறம் கட்டிலுக்கடியில உக்காந்து அழுவான். நம்ம கே.கே. நகர்லயே 1992-ல தொடங்கின எம்.எஸ். செல்லமுத்து மனநல அறக்கட்டளை இருக்கு. ஆனா அக்காவுக்கு 'மனநலம்'ங்கிற போர்டைப் பார்த்தாலே பயம். பொட்டி தட்டுற நான் என்னத்தைச் சொல்ல? வீட்டுக்கு வந்து நோண்ட ஆரம்பிச்சேன். இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசு மக்களே!

வெள்ளைக்காரன் சொன்ன பதில், "பிரிச்சு வை". 1887-ல செங்கல்பட்டுல சீர்திருத்தப் பள்ளி வந்துச்சு. 1897 சட்டப்படி, குற்றம் பண்ணி மாட்டின 15 வயசுக்கு உட்பட்ட பையன்களை 3 முதல் 7 வருஷம் வரைக்கும் இந்த மாதிரிப் பள்ளியில வைக்கலாம். ஜெயிலுக்கு இது எவ்வளவோ தேவலாம்தான். ஆனா பையனுக்கு ஏன் அவ்வளவு கோவம்னு யாரும் கேக்கலை.

அதைக் கேட்டவர் ஆகஸ்ட் ஐக்கார்ன். முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட, வியன்னா பக்கத்துல முரட்டுப் பசங்களுக்காக ஒரு இல்லம் நடத்தினார். பசங்க மேசை நாற்காலியை உடைச்சப்பவும் அடிக்கக் கூடாதுன்னு ஊழியர்களுக்குச் சொல்லிட்டார். உடைச்சு ஓய்ஞ்சு, அழுது, மெல்ல அடங்கினாங்க. ஆனா அங்கயும் அப்பா அம்மா வெளியிலதான்.

குடும்பத்தை உள்ள கூட்டிட்டு வந்தது நம்மாளுங்க. 1950-கள்ல அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளோட சொந்தக்காரங்களை வளாகத்துலயே கூடாரம் போட்டுத் தங்க வச்சார். 1957-ல தொடங்கின வேலூர் சி.எம்.சி. மனநல மையமும் இதே வழியில போச்சு. வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக அங்க இருக்கிற நம்பிக்கை நிலையத்துல, அம்மாவோ அப்பாவோ கூடவே தங்கி, பிள்ளையை எப்படிக் கையாளணும்னு கத்துக்கிறாங்க. யோசிச்சா லாஜிக் சிம்பிள். பையன் திரும்பப் போறது அதே வீட்டுக்குத்தானே? வீடும் மாறணும்ல?

விட்டுட்டு வந்தா என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. அது பசங்களுக்கான எடம் இல்லதான். ஆனா குடும்பங்கள் நம்பி விட்டுட்டு வந்த எடம். தீ பிடிச்சப்ப சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தாங்க.

2017-ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை பண்ணுச்சு. சின்னப் பிள்ளைங்களைப் பத்தி இன்னொண்ணும் சொல்லுது: வெளியில இருந்தே பாக்கிற வழி எதுவும் சரிப்படலைன்னாத்தான் மனநல மருத்துவமனையில சேக்கணும். சேத்தா, இருக்கிற நாள் முழுக்க வீட்டு ஆளோ, அவங்க ஏற்பாடு பண்ற ஒருத்தரோ கூடவே தங்கணும். அமிர்தசரஸ் கூடாரம், அறுபது வருஷம் கழிச்சு சட்டமாயிடுச்சு.

நேத்து அக்காகிட்ட சொன்னேன். "மொதல்ல ஒரு டாக்டரைப் பாருங்கக்கா. தங்கித்தான் பாக்கணும்னா, அவனை மட்டும் விட்டுட்டு வர்ற எடம் வேணாம்."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் மெதுவா, "நானும் கூடவே இருக்கலாமா தம்பி?"ன்னாங்க.

இத்தனை நாளா அவங்க பயந்தது மகனுக்காக இல்ல, அவனை விட்டுட்டு வரணுமேன்னுதான்னு அப்பத்தான் புரிஞ்சுது.