பிளெய்ட்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அமெரிக்கக் கடைகளில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட ரிப்பன், காலுறை, குஷன் உறை எல்லாம் குவிந்துவிடும். அந்தக் கட்டத்துக்கு அங்கே ‘பிளெய்ட்’ என்று பெயர்.

சொல்லின் ஊர் ஸ்காட்லாந்து. அங்கே வழங்கும் கேலிக் மொழியில் ‘பிளெய்டே’ என்றால் போர்வை. மலைநாட்டு ஆண்கள் நீளமான கம்பளித் துணியை மடிப்பு வைத்து இடுப்பில் வாரால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். பகலில் உடை, இரவில் போர்வை. கட்டத்துக்கு ஸ்காட்லாந்தில் வழங்கும் பெயர் ‘டார்ட்டன்’. துணியின் பெயர் கோலத்துக்குத் தாவியது வட அமெரிக்காவில்தான்.

பாவிலும் ஊடையிலும் ஒரே நிற வரிசை ஓடுவதால், நிறங்கள் குறுக்கிடும் இடங்களில் கலவை நிறங்கள் தெரியும். டார்ட்டனின் அழகு இதில்தான்.

1745இல் ஸ்காட்லாந்தில் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு மலைநாட்டு உடைக்குத் தடை போட்டது, 1782இல்தான் விலக்கியது. பின்னர் விக்டோரியா மகாராணி ஸ்காட்லாந்திலுள்ள தம் பால்மோரல் மாளிகையின் தரைவிரிப்புக்கும் டார்ட்டனைத் தேர்ந்தார். போர்த்திய துணி வீட்டு அலங்காரமாகவும் ஆனது. குளிர் நாட்டின் கம்பளி, பண்டிகைக்குரிய சிவப்பு, பச்சை என்று எல்லாம் பொருந்தியதால் டார்ட்டன் கிறிஸ்துமஸோடு எளிதில் ஒட்டிக்கொண்டது.

வாங்குகிறவர்கள் பெரிய கட்டம் ஒன்றை முதன்மையாக எடுத்து, அதிலுள்ள ஒரு நிறத்திலேயே மற்றவற்றைக் கட்டமில்லாமல் வைப்பது நல்லது. நாலைந்து வகைக் கட்டங்கள் சேர்ந்தால் கண் உறுத்தும்.