மிதவையில் பிறந்த கரியடுப்பு

1952-ல் சிக்காகோவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், தான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து அரைக்கோள வடிவ உலோகக் கிண்ணங்கள் இரண்டை எடுத்து ஓர் அடுப்பு செய்தார். வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்பது அந்தப் பட்டறையின் பெயர். மிச்சிகன் ஏரியில் மிதக்கவிடும் மிதவைகளுக்கு அங்கே உலோகக் கோளங்கள் செய்துவந்தார்கள். கீழ்ப்பாதிக்கு மூன்று கால்களும் உள்ளே ஒரு கம்பி வலையும் வைத்தார். மேல்பாதி கைப்பிடியுள்ள மூடியானது. உலகெங்கும் இன்று தோட்டத்திலும் மொட்டைமாடியிலும் நிற்கும் உருண்டைக் கரியடுப்பு இப்படித்தான் பிறந்தது.

ஸ்டீஃபனுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். வீட்டுக் கொல்லையில் இறைச்சி சுடுவதில் அவருக்குத் தீராத ஆசை. அன்று கிடைத்ததோ அகலத் தட்டு போன்ற திறந்த அடுப்பு. காற்றடித்தால் தணல் சீறும். மழை வந்தால் அணையும். அதைவிடப் பெரிய தொல்லை கொழுப்பு. அது உருகித் தணலில் சொட்டச் சொட்டத் தீ எழும்பும். மேலே கறி கருகியிருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். கடிகாரத்தைப் பார்த்து அங்கே என்ன பயன்? நேற்று எட்டு நிமிடத்தில் வெந்த துண்டு இன்று காற்று மாறினால் ஐந்து நிமிடத்திலேயே கரிந்துபோகும்.

மூடி போட்டதும் தொல்லை தீர்ந்துவிடவில்லை. முதல் முயற்சியில் தீ அணைந்துகொண்டே இருந்ததாகவும், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "உள்ளே கொஞ்சம் காற்று போகட்டுமே" என்று சொன்ன பிறகு துளைகள் போட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்த அடுப்பின் உயிர் அந்தத் துளைகளில்தான் இருக்கிறது. கரி எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதற்குக் கிடைக்கும் காற்று. நம் ஊர்க் கரி இஸ்திரிப் பெட்டியும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. அடுப்பின் கீழ்த்துளை காற்றை உள்ளே விடும், மேல்துளை புகையை வெளியே இழுக்கும். பாதி மூடினால் சூடு இறங்கும். முழுதும் திறந்தால் ஏறும். சூட்டைக் கட்டுக்குள் நிறுத்த முடிந்த பிறகுதான் நிமிடக் கணக்குக்குப் பொருள் வந்தது.

மூடியால் வந்த இன்னொரு வசதி, தணலை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்துச் சுடுவது. கறி முதலில் தணலுக்கு நேர் மேலே சிவக்கும். பிறகு தணலில்லாத பக்கத்துக்கு நகர்த்தி மூடிவிட்டால், உள்ளே சுழலும் வெப்பக்காற்றில் மெல்ல வேகும். ஓர் அங்குலத் தடிமனுள்ள மாட்டிறைச்சித் துண்டுக்கு நேர்த்தணலில் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் போதும். ஒன்றரைக் கிலோ முழுக்கோழியைத் தணலில்லாத பக்கம் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் எட்டிப் பார்க்கும் ஆசைதான் எதிரி. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு வெளியேறுகிறது. தணலுக்கோ காற்று கூடுகிறது. கணக்கு இரண்டு வழியிலும் கெடுகிறது.

எப்போது கறியை ஏற்றுவது என்பதும் நேரக் கணக்கில் சேர்ந்ததே. கரி சிவந்து எரியும்போதே வைப்பது அவசரம். நீறு பூத்துச் சாம்பல் நிறம் படர்ந்த பிறகுதான் சூடு சீராக வரும். அதற்குப் பெரும்பாலும் 20 நிமிடம் பிடிக்கும். கம்பி வலைக்குச் சற்று மேலே உள்ளங்கையைப் பிடித்து எண்ணிப் பார்ப்பது பழைய முறை. இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கை விலகினால் கடுஞ்சூடு, ஐந்தாறு வரை தாங்கினால் நடுத்தரம். எந்தக் கருவியும் இல்லாமல் தணலை அளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஸ்டீஃபனின் அடுப்பு விலைபோனது. சில ஆண்டுகளில் அவர் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டார். வெபர்-ஸ்டீஃபன் என்று அதில் தன் பெயரும் சேர்ந்தது. 1993-ல் அவர் இறந்தார். மூடி, கிண்ணம், கால்கள், துளைகள் என்ற அமைப்பு மட்டும் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

இவ்வளவு இருந்தும், சமையல் குறிப்பில் எழுதிய நிமிடம் ஒரு வழிகாட்டிதான். கறியின் தடிமன், கரியின் ஈரம், அன்றைய காற்று எல்லாம் அதை மாற்றும். வெந்ததா என்பதைச் சொல்வது உட்சூடு. கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ். ஆடு, மாடு முழுத்துண்டுக்கு 63 டிகிரியும், இறக்கியபின் மூன்று நிமிட ஓய்வும். கொத்துக்கறிக்கு 71 டிகிரி. கரியடுப்பு வாங்குகிறவர்கள் கூடவே கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றையும் வாங்கிவிடுங்கள். அடுப்பை ஒருபோதும் வீட்டுக்குள் வைத்து மூட்டாதீர்கள். கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமே காட்டாமல் உயிரை எடுத்துவிடும்.