மூட்டில் குடியேறும் பூஞ்சை

விருத்தாசலத்துப் பீங்கான் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். என்ன வழவழப்பு! 1970-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் பியர் பூட்டின், அலுமினா என்னும் தூய பீங்கானால் இடுப்பு மூட்டே செய்து பொருத்தினார். இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1962-லேயே உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் பொருத்தியிருந்தார். எப்பொருளாயினும் அதனூடே குருதி ஓடாது. கேண்டிடா போன்ற பூஞ்சை அதன்மேல் படிந்து, பிசின் போன்ற படலத்தைப் போர்த்திக்கொண்டால், குருதிவழி வரும் மருந்து அதனை எளிதில் எட்டுவதில்லை.

அம்மருந்தும் எளிதில் கிடைத்ததன்று. பெனிசிலின் தாக்கும் சுவர்ப்பொருள் பூஞ்சையில் இல்லை. மேலும், பூஞ்சையின் செல் நம் செல்லை ஒத்தது. அதனைக் கொல்வது நம்மையும் வருத்தக்கூடும். நல்லவேளையாக, செல் சவ்வில் ஒரு வேறுபாடு உண்டு: நம்மிடம் கொலஸ்டிரால், பூஞ்சையிடம் எர்கோஸ்டிரால். எர்கோஸ்டிராலைப் பற்றும் நிஸ்டாட்டினை எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் 1950-இல் அறிவித்தனர். பின்னர் வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து ஆம்போடெரிசின் வந்தது. நம் நாட்டிலும், புனேக்கு அருகிலுள்ள பிம்பிரி இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலையில், திருமலாச்சார் குழுவினர் மண்நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஹாமைசினைப் பிரித்தெடுத்தனர்.

ஆயினும் மூட்டில் மருந்து மட்டும் பெரும்பாலும் போதுவதில்லை. பொருத்திய மூட்டைக் கழற்றி, அவ்விடத்தில் மருந்து கலந்த எலும்புச் சிமெண்ட் துண்டை வைக்கின்றனர். இங்கேதான் இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு வியப்பு: சிமெண்டில் கலந்த ஆம்போடெரிசின் அதிலேயே சிக்கிக்கொண்டு மிகச் சிறிதளவே வெளியே கசிகிறது! எனவே வாய்வழியாகவோ ஊசிவழியாகவோ மருந்தைத் தொடரவேண்டியிருக்கிறது. நோய் தணிந்தது உறுதியான பின்னரே புதிய மூட்டு. அதுவரை, நடப்பதற்கென்று மூட்டு பொருத்திக்கொண்டவர் ஊன்றுகோலுடன் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்.