வீதி நடுவே ஒரு மூடி: வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சாரதிகள் அறிந்திருக்க வேண்டியவை

வெள்ளவத்தையின் காலி வீதியானாலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களானாலும், கொழும்பில் வாகனம் ஓட்டுபவர்களுக்குப் பழகிப்போன தொல்லை ஒன்று உண்டு. அதுதான் வீதியின் நடுவே இருக்கும் மேன்ஹோல் மூடி. ஓரிடத்தில் அது பள்ளத்துக்குள் கிடக்கும். இன்னோரிடத்தில் வீதிக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். வேறோரிடத்தில் பஸ் ஏறும் ஒவ்வொரு தடவையும் "டங்" என்று அதிரும். பழகிவிட்டதாலேயே இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மழை பெய்யும் இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு இரண்டு அங்குல மட்ட வித்தியாசமே உயிராபத்தாகிவிடலாம்.

மூடி ஏன் நடுவீதியில் இருக்கிறது?

கொழும்பின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி பிரித்தானியர் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. நகரின் கழிவுநீர் வடக்கில் முகத்துவாரத்திலும் தெற்கில் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீளும் குழாய்கள் வழியாக வெளியேற்றப்பட்டு வந்தது. பழுதடைந்த இந்தத் தொகுதியைச் சீரமைக்க ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 2009இல் ஒரு திட்டம் அங்கீகரிக்கப்பட்டது.

கழிவுநீர் தன் பாரத்தாலேயே சரிவில் ஓட வேண்டும். ஆகவே குழாய் வளையும் இடத்திலும், சரிவு மாறும் இடத்திலும், இரண்டு குழாய்கள் சந்திக்கும் இடத்திலும் அடைப்பு எடுப்பதற்கு ஒரு குழி தேவை. இரு பக்கத்து வீடுகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று குழாயைப் பெரும்பாலும் தெருவின் நடுவிலேயே பதிப்பார்கள். எனவே குழியும் நடுவில் வந்துவிடுகிறது. நினைத்தவுடன் அதை ஓரத்துக்கு நகர்த்த முடியாது. இதைத் தவிர, தண்ணீர்க் குழாய், தொலைபேசி வடம், மின்வடம், மழைநீர் வடிகான் ஆகியவற்றுக்கும் தனித்தனி மூடிகள் உண்டு.

பள்ளம் எப்படி உண்டாகிறது?

மிகச் சாதாரணமான காரணம், வீதிக்குப் புதிதாகக் காப்பட் இடுவதுதான். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேல் 40 அல்லது 50 மில்லிமீற்றர் தடிப்பில் புதிய படையைப் போட்டால் வீதி உயரும். மூடி பழைய மட்டத்திலேயே நிற்கும். இரண்டு தடவை இப்படிச் செய்தால் மூன்று முதல் நான்கு அங்குலப் பள்ளம் தயார்.

இதைத் தவிர்க்க, மூடியின் சட்டத்தைக் கழற்றி உயர்த்தி, சீமெந்துக் கலவையில் மீண்டும் இருத்த வேண்டும். அந்தக் கலவை இறுகுவதற்கு நேரம் தேவை. அது இறுகுமுன்னரே வீதியைத் திறந்துவிட்டால், முதல் நாள் பஸ்களின் பாரத்திலேயே சட்டம் சரிந்துவிடும்.

சரிந்த மூடி தானாக நேராகாது. பள்ளத்தில் மழைநீர் தேங்கும். சட்டத்தைச் சுற்றியுள்ள வெடிப்பு வழியாக நீர் கீழே இறங்கி மண்ணை இளக்கும். பள்ளத்துக்குள் விழும் சில்லு வழக்கமான பாரத்தைவிட அதிக வேகத்தில் மோதும். அதனால் பள்ளம் இன்னும் ஆழமாகும். குழாய் பதிக்க வெட்டிய பாதையை மண்ணால் மூடும்போது படை படையாக இறுக்காமல் விட்டாலும், அடுத்த மழைக்காலத்தில் இதே கதைதான்.

"டங்" என்ற சத்தத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது. மூடி தன் இருக்கையில் ஆடுகிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. ஆடும் மூடி நாளடைவில் உடையும், அல்லது ஒரு பக்கம் கிளம்பும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

கார் ஓட்டுபவர் மூடியைத் தன் இரு சில்லுகளுக்கும் நடுவே விட்டுக் கடந்துவிடலாம். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் பக்கத்தால் விலகலாம். முச்சக்கரவண்டிக்கு இந்த இரண்டு வழியும் இலகுவல்ல. பின் சில்லுகள் இரண்டும் பக்கங்களில், முன் சில்லு நடுவில் என மூன்று தடங்களில் அது ஓடுகிறது. மூடியை நடுவே விட்டால் முன் சில்லு அதில் விழும். ஓரமாக விட்டால் பின் சில்லு விழும். சில்லும் சிறியது, வெறும் 8 அங்குல விட்டமுள்ள றிம். கார் சில்லு சமாளிக்கும் பள்ளத்துக்குள் அது முழுதாக இறங்கிவிடும்.

பிரித்தானியா போன்ற நாடுகளின் வீதிப் பொறியியல் நடைமுறையில், சில்லு ஓடும் தடத்திலும் வளைவிலும் பிறேக் பிடிக்கும் இடத்திலும் மூடி வைப்பதை இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறார்கள். ஓடுபாதையின் மையம் பாதுகாப்பானது என்பது கார்களை வைத்துப் போட்ட கணக்கு. முச்சக்கரவண்டிகள் நிறைந்த, பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களாக உள்ள இலங்கையில் அந்தக் கணக்கு முழுமையாகப் பொருந்தாது. இங்கே மூடி எங்கே இருந்தாலும் வீதியோடு ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். பிரித்தானியாவில் வீதியை வெட்டி மூடும்போது மூடிக்கும் வீதிக்கும் இடையில் அனுமதிக்கப்படும் வித்தியாசம் 6 மில்லிமீற்றர் மட்டுமே.

எந்த மூடி எங்கே?

மூடிகளுக்குத் தாங்கும் திறனின்படி தரம் உண்டு. பரவலாகப் பின்பற்றப்படும் ஐரோப்பிய நியமமான ஈஎன் 124, பாதசாரிகள் மட்டும் நடக்கும் இடத்துக்கு ஏ15, நடைபாதைக்கும் கார் தரிப்பிடத்துக்கும் பி125, வீதி ஓர வடிகானுக்கு சி250, வாகனங்கள் ஓடும் வீதிக்கு டி400 என்று வகுக்கிறது. எண்கள் கிலோநியூட்டனில் உள்ளன. டி400 என்பது ஏறத்தாழ 40 தொன் சோதனைப் பாரம். ஏ15 ஏறத்தாழ ஒன்றரைத் தொன்தான். இந்தியாவின் ஐஎஸ் 12592 நியமமும் கொங்கிரீட் மூடிகளை இரண்டரைத் தொன்னிலிருந்து 35 தொன் வரை நான்காகப் பிரிக்கிறது. நடைபாதைக்குரிய மூடியைத் துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் லொறி ஓடும் தெருவில் போட்டால் அது நிலைக்காது.

வட்ட மூடியை எப்படித் திருப்பினாலும் குழிக்குள் விழாது. சதுர மூடியின் மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளமென்பதால், ஒருபுறம் கிளம்பினால் அது உள்ளே விழக்கூடும்.

இரும்பு மூடிக்கு இன்னொரு பகை பழைய இரும்பு வியாபாரம். திருடப்பட்ட மூடிக்குப் பதிலாக மரக்கிளையை நட்டு வைப்பது நாம் எல்லோரும் கண்ட காட்சி. பகலில் அது எச்சரிக்கையாக உதவும். இரவிலும் வெள்ளத்திலும் உதவாது. 2017 ஓகஸ்ட் 29ஆம் திகதி மும்பையில் பெருமழை பெய்தபோது, வீட்டுக்கு நடந்து சென்ற ஒரு மூத்த மருத்துவர் வெள்ளத்துக்கடியில் திறந்து கிடந்த மேன்ஹோலுக்குள் விழுந்து உயிரிழந்தார். ஒரு மணி நேர மழைக்கே நீர் தேங்கும் தெருக்கள் கொழும்பிலும் உண்டு.

பொறுப்பு யாருடையது?

சிக்கலின் வேர் இங்கேதான். காலி வீதி ஏ2 நெடுஞ்சாலை என்பதால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. உள் வீதிகள் பெரும்பாலும் கொழும்பு மாநகர சபையின் பொறுப்பில் உள்ளன. நகரின் கழிவுநீர்த் தொகுதியை மாநகர சபை பராமரிக்கிறது. தண்ணீர்க் குழாய்கள் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும், தொலைபேசிக் குழிகள் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் சொந்தம். வீதி ஒருவருடையது, மூடி இன்னொருவருடையது. வீதியை உயர்த்தியவர் மூடியை உயர்த்தாவிட்டால், இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டலாம்.

எனவே முறைப்பாடு செய்யுமுன் மூடியைப் பாருங்கள். பல மூடிகளில் நிறுவனத்தின் பெயரோ எழுத்துக்களோ வார்க்கப்பட்டிருக்கும். அதன் படம், வீதியின் பெயர், அருகிலுள்ள கட்டட இலக்கம், திகதி ஆகியவற்றுடன் மூடிக்குரியவருக்கும் வீதிக்குரியவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம்; அது அரசியலமைப்பு தந்த உரிமை. பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த மூடியை உயர்த்தும் பொறுப்பு யாருக்கு, காப்பட் ஒப்பந்தத்தில் அது சேர்க்கப்பட்டதா என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மூடியே இல்லாமல் குழி திறந்து கிடந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே 119க்கு அழையுங்கள்.

ஓட்டும்போது

மூடியைக் கண்டவுடன் திடீரென விலகாதீர்கள். காலி வீதியில் பின்னால் வரும் பஸ்ஸுக்கு உங்கள் விலகல் தெரியாது. தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். மூடியின் மேல் ஏறும்போது பிறேக்கை விட்டுவிடுங்கள். தேய்ந்த இரும்பு நனைந்தால் தாரைவிட அதிகம் வழுக்கும். ஆகவே மோட்டார் சைக்கிளைச் சரிக்காமல் நேராகக் கடக்கவும். விவேகானந்தா மேடு போன்ற இறக்கங்களில் இது மிக முக்கியம். முன்னால் போகும் வாகனத்தோடு ஒட்டி ஓடினால் பள்ளம் கடைசி நொடியில்தான் தெரியும். நீர் தேங்கிய இடத்தில், முன்னால் ஒரு வாகனம் கடந்த தடத்திலேயே செல்லுங்கள்.

உங்கள் தெருவுக்குக் காப்பட் இட ஆட்கள் வரும் நாளில், மூடிகளை எப்போது உயர்த்துவீர்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். வேலை முடிந்து இயந்திரங்கள் போன பிறகு அதே கேள்விக்குப் பதில் சொல்ல ஆளைத் தேடுவது கடினம்.